மூத்திரம் மேலே போகிறது

என் மகளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆனபோது, அவளுடைய மூத்திரம் கீழே வருவதோடு நிற்காமல் மேலேயும் போகிறதோ என்ற சந்தேகம் ஒரு குழந்தை மருத்துவருக்கு வந்தது. நான் நாற்பதைத் தாண்டித் தகப்பனானவன். பூங்காவில் அவளை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது "பேத்தியா சார்?" என்று கேட்பவர்களிடம் "ஆமாம்" என்று சொல்லிப் பழகிவிட்டிருந்தேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட நடுவில் ஒரு தலைமுறையை விழுங்கிவிடுவது சுலபம். ஆகவே, இனி எனக்குப் புதிதாக அவமானம் எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது காய்ச்சல். கோவில்பதாகையில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கிளினிக்கில் அதை வைரல் என்றார்கள். அடுத்து வந்ததும் வைரல்தான். சளி இல்லை, இருமல் இல்லை, தொண்டையில் சிவப்பும் இல்லை, ஆனாலும் வைரல். மூன்றாவது முறை என் மனைவி அந்தக் கிளினிக்கின் வாசலைத் தாண்டி நடந்து, ஆட்டோ பிடித்து, குழந்தையை அம்பத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் முடிவு எடுக்கப்படும்போது என் பங்கு பெரும்பாலும் பைதான்.

அம்பத்தூர் டாக்டரம்மாவுக்குச் சிரிக்கும் பழக்கம் கிடையாது. சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார். கிருமி வளர்ந்திருக்கிறது என்று முடிவு வந்தது. பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு அவரைக்கொட்டையும் ஒரு பையும் வரைந்தார்.

"கிட்னிலேருந்து பைக்கு இந்தக் குழாய் வருது. பை நிறைஞ்சு குழந்தை ஒன்னுக்குப் போகும்போது குழாயோட வாய் மூடிக்கணும். சில குழந்தைங்களுக்கு மூடாது. கிருமியோட சேர்ந்து மேல ஏறும். ஏறி ஏறிக் கிட்னில தழும்பு விழும். தழும்பு விழுந்தா ஆறாது. அதுக்கு முன்னாடி நாம கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான் விஷயம்." பிறகு நிமிர்ந்து, "அடக்கி வைப்பாளா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நானும் என் மனைவியும் பெருமையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ப்ளேஸ்கூலில் டயப்பர் கட்டிய பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள். அந்த அட்மிஷனுக்காகக் கோடை விடுமுறை முழுக்க அவளைப் பழக்கியிருந்தோம். அப்பார்ட்மெண்ட்டிலேயே முதலில் டயப்பரை விட்டது எங்கள் பிள்ளைதான். மற்ற வீட்டுக் குழந்தைகள் லிஃப்டில் ஈரம் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில் எங்களுடையது கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் நனையாமல் திரும்பும்.

"ரொம்ப நல்லா அடக்குவா டாக்டர்," என்றாள் என் மனைவி. "ஸ்கூல்ல போகவே மாட்டா. வீட்டுக்கு வந்துதான் போவா. மிஸ்கூடப் பாராட்டினாங்க."

டாக்டரம்மா எங்களைப் பார்த்த பார்வையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நாய் கடித்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டி, "எங்க நாய் நல்லாக் கடிக்கும் டாக்டர்" என்று சொன்னால் கிடைக்கக்கூடிய பார்வை அது.

முதலில் வயிற்றில் ஸ்கேன், அப்புறம் ட்யூப் போட்டு ஒரு எக்ஸ்ரே என்றார். ட்யூப் எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். சொன்னார். கேட்டிருக்க வேண்டாம்.

ஸ்கேன் சுகமாக நடந்தது. அறை குளிர்ந்திருந்தது. வயிற்றில் பசை தடவியதும் அவள் கிளுகிளுவென்று சிரித்தாள். "அப்பா, எனக்கு ஜாம் தடவுறாங்க." இரண்டு சிறுநீரகமும் சரியான அளவு, வீக்கம் இல்லை, நார்மல். அன்று மாலையே என் மச்சான் வந்து இறங்கினான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. வார்த்த இரும்பையும் பற்றவைத்த இணைப்பையும் உடைக்காமல், அறுக்காமல், உள்ளே என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வது அவன் தொழில். அவன் சரி என்றால் பாகம் வண்டியில் ஏறும்; இல்லையென்றால் உலைக்குத் திரும்பும். இந்த அதிகாரத்தை அவன் ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி வைப்பதில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

ஸ்கேன் படத்தைக் குழல்விளக்குக்கு எதிரே பிடித்தான்.

"மாப்ளே, இதான் எங்க அல்ட்ராசோனிக். அதே சவுண்டு, அதே எக்கோ. இம்மாம் தண்டி இரும்புக்குள்ள மயிரு மாரி விரிசல் இருந்தாலும் புடிச்சிரும். இந்தப் புள்ள வயிறு இன்னா, இரும்பா? பூ மாரி கீது. இதுல தெரியாததா ட்யூப்ல தெரியப் போவுது?"

"டாக்டரம்மா அதுலதான் தெரியும்னாங்க," என்றேன்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாங்க இன்னா பண்ணுவோம்? அல்ட்ராசோனிக்ல டவுட்டு வந்தாத்தான் எக்ஸ்ரே. இங்க டவுட்டே இல்லியே. நார்மல்னு போட்டுகீறான் பாரு."

"அண்ணா, அதுக்கும் இதுக்கும்..." என்று என் மனைவி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. பெத்தவளுக்குப் புள்ளையப் பத்தி இன்னா தெரியும்? பயம்தான் தெரியும்."

அவன் கட்சியில் நம்பும்படியாக இருந்த ஒரே விஷயம், ஸ்கேன் வலிக்காது என்பது. நாங்கள் அதை நம்பினோம். பூந்தமல்லியில் புது மெஷின் வந்திருக்கிறது, படம் கண்ணாடி மாதிரி விழுகிறது என்று அவன் கேள்விப்பட்டு வந்தபோது, சென்னீர்குப்பம் நெரிசலில் ஊர்ந்துபோய் இன்னொரு ஸ்கேன் எடுத்தோம். மறுபடியும் ஜாம். மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் நார்மல்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் பிழைப்பு, மிக்சி கிரைண்டர் கம்பெனிகளுக்குத் தமிழில் உபயோகக் கையேடு எழுதுவது. பெட்டியைத் திறந்ததும் தெர்மாகோலோடு சேர்த்து நீங்கள் குப்பையில் போடுவது என்னுடைய எழுத்துத்தான். கையேடு எழுதுகிறவனுக்கு எந்த இயந்திரத்தையும் தொடாமலே புரிந்துகொள்ளும் திமிர் உண்டு. இரண்டு வாரம் கட்டுரை கட்டுரையாகப் படித்தேன். எக்ஸ்ரே இல்லாமல், பையில் நுண்ணிய குமிழிகளை நிரப்பி ஸ்கேனிலேயே பார்க்கும் முறை ஒன்று இருந்தது. கதிர்வீசும் ஐசோடோப் மருந்தைச் சொட்டுவிட்டுப் பார்க்கும் முறை ஒன்று இருந்தது. கதிரின் அளவு அதில் குறைவு, ஆனால் படம் மங்கல். சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க, ஊசி போட்டு எடுக்கும் படம் தனி. எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தயார் செய்துகொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

"குமிழி ஸ்கேன் எடுக்கலாமே டாக்டர்? ரேடியேஷனே கிடையாதாமே."

"நல்ல டெஸ்ட்தான். எல்லா இடத்துலயும் பண்றதில்ல. அதுக்கும் ட்யூப் போடணும்."

"ஐசோடோப் முறை?"

"ட்யூப் போடணும்."

"ஊசி போட்டு எடுக்கிற படம்?"

"அது தழும்பு விழுந்த பின்னாடி தழும்பைக் காட்டும். ஏன் விழுந்ததுன்னு காட்டாது. சார், நீங்க மெஷினை மாத்திக்கிட்டே வர்றீங்க. ட்யூப் மாறாது."

யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். யோசிப்பது எங்களைப் போன்ற படித்த குடும்பங்களில் ஒரு வைத்திய முறை.

நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது நான்காவது காய்ச்சல் வந்தது. இது பற்கள் அடித்துக்கொள்ளும் காய்ச்சல். இடது விலாவுக்குக் கீழே கைவைத்தால் குழந்தை துள்ளினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புறங்கையில் ஊசி, அதன்மேல் அட்டை, அட்டைமேல் பிளாஸ்டர். அந்தக் கையை அவள் ஒரு பொம்மையைப் போல மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா படுக்கைக்கு வந்தார். இரண்டு ஸ்கேன் படங்களையும் கவரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ரெண்டும் நல்லா வந்திருக்கு. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுங்க. காய்ச்சல் அடங்கினதும் ட்யூப் போடலாமா?"

என் மனைவி தலையாட்டினாள். மச்சான் ஜன்னல் வழியே பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரும்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது ஒன்னுக்குப் போவதில்லை. விரிசல் திங்கட்கிழமையும் அதே இடத்தில் இருக்கும், செவ்வாய்க்கிழமையும் இருக்கும். அது இருக்கிற பொருள். எங்கள் பெண்ணுக்கு இருந்தது நடக்கிற காரியம். நடக்கும்போது பார்த்தால்தான் உண்டு. நடக்காத நேரத்தில் எத்தனை கண்ணாடி மாதிரிப் படம் எடுத்தாலும் அதில் ஒரு அழகான வயிறுதான் விழும். எந்த ஆலையிலும் சோதனை மேசையில் படுத்திருக்கும் பாகத்தைப் பார்த்து, "செல்லம், இப்ப போம்மா" என்று யாரும் கெஞ்சுவதில்லை. மச்சானுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

விஷயம் அப்பார்ட்மெண்ட்டில் பரவிவிட்டது. ஒருவர் வாழைத்தண்டு அனுப்பினார். இரண்டாவது மாடி அம்மாள் என் மனைவியை லிஃப்டில் மடக்கி, அடிக்குரலில், "பொம்பளப் புள்ளைக்குக் கிட்னி அது இதுன்னு வெளிய சொல்லிக்காதீங்க, நாளைக்கு வரன் பாக்கும்போது கிளறுவாங்க" என்றார். வரன் பார்க்கப்படவேண்டியவள் அப்போது என் தோளில் விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே அறைக்குள் பெற்றோரில் ஒருவர்தான் போகலாம் என்றார்கள். முந்தின நாள் காய்கறி நறுக்கிக்கொண்டே என் மனைவி தீர்மானத்தைச் சொன்னாள்.

"நீங்க போங்க."

"நீ இருந்தா அவ தைரியமா இருப்பாளே."

"உள்ள யார் இருக்காங்களோ அவங்கள அவ வெறுப்பா. அவ என் கையாலதான் சாப்பிடறா. மருந்து என் கையாலதான் குடிக்கறா. என்னை வெறுத்தா அவளுக்குக் கஷ்டம். உங்கள வெறுத்தா ஒண்ணும் ஆயிடாது."

கணக்கில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளே எனக்கு ஈய அங்கி மாட்டினார்கள். மார்பிலிருந்து முழங்கால் வரை கனம். அவளுக்கு ஒன்றும் மாட்டவில்லை, இருந்ததையும் கழற்றினார்கள். நர்ஸ் இருவர், எக்ஸ்ரே டாக்டர் ஒருவர். எல்லாருமே நல்லவர்கள். வேண்டுமென்று ஒருவரும் எதுவும் செய்யவில்லை என்பதால் அந்தக் காரியத்தின் கொடுமை குறைந்துவிடவில்லை. கால்களைத் தவளைபோல விரித்துப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு முழங்காலை நர்ஸ் பிடித்தார். இன்னொன்று என் பங்கு. பையைத் தவிர எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு.

ட்யூப் உள்ளே போனபோது அவள் போட்ட சத்தத்தை எழுதப் போவதில்லை. சத்தத்தைவிட மோசம், அவள் என்னை உதவிக்குக் கூப்பிட்டது. "அப்பா, இவங்கள அடி. அப்பா, இவங்கள அடி." நான் முழங்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"சார், ஏதாவது கதை சொல்லுங்க," என்றார் எக்ஸ்ரே டாக்டர்.

வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் அதன் முன்னால்தான் உட்காருவேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு நரிகூட, ஒரு காக்காய்கூட நினைவுக்கு வரவில்லை. கடைசியாக எழுதி முடித்த கையேடுதான் வாயில் வந்தது. "ஜாரைப் பீடத்தின் மேல் வைத்து வலது பக்கமாகத் திருப்பவும். 'டக்' என்ற ஓசை கேட்கும். ஓசை கேட்காவிடில் மீண்டும் எடுத்து வைக்கவும்." அவள் அழுகைக்கு நடுவில், "டக் கேட்டுச்சா?" என்று கேட்டாள். "கேட்டுச்சு" என்றேன். மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து மருந்து ட்யூப் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் அவளுடைய பை ஒரு கரிய பலூனாக ஊதியது. பலூனுக்கு மேலே எதுவும் இல்லை. சுத்தம். மச்சான் சொன்னதுதான் சரியோ என்று நினைக்குமளவுக்குச் சுத்தம்.

"பை ஃபுல். இப்ப இங்கேயே போகணும்," என்றார் டாக்டர்.

அவள் போகவில்லை.

எப்படிப் போவாள்? பாத்ரூமில்தான் போக வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், படுக்கையில் போனால் ஷேம் ஷேம் என்று ஒரு கோடை முழுக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். இப்போது வெளிச்சத்தில், மேசைமேல், மல்லாக்கப் படுத்து, முன்பின் தெரியாத மூன்று பேரும் அப்பனும் பார்த்துக்கொண்டிருக்க, "போ, போ" என்றால்? ஒரு நர்ஸ் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். இன்னொருவர் கால்விரல்களில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார். நான் ஈய அங்கியோடு குனிந்து "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்று சைக்கிள் டயரில் காற்று இறங்குவதைப் போலச் செய்துகொண்டிருந்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை அரும்ப அடக்கினாள். நாங்கள் பழக்கிய பழக்கம், எங்களையே எதிர்த்து நின்றது.

"விட்டுடு செல்லம். அப்பா சொல்றேன்ல."

"ஷேம் ஷேம்பா."

"இல்லடா. இன்னிக்கு ஷேம் இல்ல."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் உடம்பு தோற்றது. மேசையில் ஈரம் பரவியது. எக்ஸ்ரே டாக்டர் படமெடுக்கும் பெடலை மிதித்தார். திரையில், கரிய பலூனின் இடது பக்கத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, அவசரமே இல்லாமல் மேலே ஏறி, உச்சியில் ஒரு சின்னப் பூவைப் போல விரிந்தது. பார்க்க அழகாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்து, "சாரிப்பா, படுக்கையில போயிட்டேன்" என்றாள்.

அவளைத் துடைத்து உடை மாட்டி, வெளியே அம்மாவிடம் கொடுத்தேன். "நல்லா அழுதாளா?" என்று கேட்டாள் மனைவி. "மன்னிப்புக் கேட்டா," என்றேன்.

திரும்பும்போது குழந்தை ஆட்டோவில் நெளிந்தாள். ட்யூப் போட்ட இடம் எரியும், ஆனால் அடக்கவிடாதீர்கள், அடக்கினால் ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆட்டோக்காரர் அம்பத்தூர் எஸ்டேட் தாண்டி ஓரமாக நிறுத்தினார்.

"பாப்பாக்கு ஒன்னுக்கா? இப்டி மரத்தாண்ட உக்கார வை சார். யாரு பாக்கப் போறா?"

அவள் மரத்தைப் பார்த்தாள். தலையைப் பலமாக ஆட்டி மறுத்தாள்.

"இன்னா சார், புள்ளைய கவர்னர் ஊட்டுப் புள்ள மாரி வளத்துகினு கீறே? எங்க ஊட்ல நாலும் இட்ட எடத்துல போவும். ஒண்ணுக்கும் ஒரு நோவு கெடையாது."

மறுபடியும் ஆட்டோவில் ஏறினோம். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய டப்பில் உட்காரவைத்து, மாலை விளக்குப் போடும் நேரத்தில்தான் அவள் போனாள். எரிச்சலில் அலறிக்கொண்டே போனாள். நான் பாத்ரூமுக்குள் வரக் கூடாது என்று முதல் தடவையாக உத்தரவு போட்டாள்.

டாக்டரம்மாவின் உத்தரவு: தினமும் கொஞ்சம் மருந்து, இரண்டு மணிக்கொரு தரம் பாத்ரூம், அடக்கவே கூடாது. சில மாதம் கழித்து, தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் படம். அதற்கு ஊசி போட்டு, சில மணி நேரம் காத்திருந்து, கேமராவுக்கு அடியில் அசையாமல் படுக்க வேண்டும். இந்த முறை உள்ளே வர என்னைக் குழந்தை அனுமதிக்கவில்லை. அம்மாவை அவளுடைய வெறுப்பிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தோம். ஆகவே மச்சான் போனான். நான்காவது காய்ச்சலுக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டில் தோசையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான்.

படத்தை டாக்டரம்மா மேசைமேல் வைத்தார். வலது பக்கம் முழு அவரைக்கொட்டை. இடது பக்கத்தின் உச்சியில் யாரோ ஒரு கடி கடித்ததுபோல வெளிறியிருந்தது.

மச்சான் குனிந்து பார்த்தான். பழக்கதோஷம்; வாயிலிருந்து வந்துவிட்டது. "டாப்ல டிஃபெக்ட். ரிஜெக்ட்."

"அண்ணா," என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவே இல்லை. "ரிஜெக்ட் ஆன பீஸை உங்க ஃபேக்டரில என்ன பண்ணுவீங்க?"

"உருக்கிருவோம்," என்றான். சொன்ன பிறகுதான் யாருக்குப் பதில் சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. இரும்பையே கண்ணிமைக்காமல் பார்க்கிறவன், சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தான்.

"இருக்கிற தழும்பு போகாது," என்றார் டாக்டரம்மா. "இன்னொண்ணு விழாம பாத்துக்கலாம். அடுத்த காய்ச்சல் வந்தா யோசிக்காதீங்க. அன்னிக்கே வாங்க."

மச்சான் வாய் திறந்தான். "டாக்டர், வேற எதுனா மெஷின்ல..."

"இல்ல."

அப்போது என் மகள், ஊசி போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, "ஒன்னுக்கு" என்றாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தோம். இந்த ஒரு சொல்லுக்குப் பெரியவர்கள் இப்படி எழுவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்துபோயிருந்தது. யாரை அழைத்துப் போவது என்று ஒவ்வொருவராகப் பார்த்து, மச்சானின் விரலைப் பிடித்தாள்.

"மாமா வரட்டும். அப்பா வெளிய நிக்கட்டும்."

காரிடாரின் கடைசியில் பாத்ரூம். மச்சான் அவளை உள்ளே விட்டு, வெளியிலிருந்து கதவை லேசாகப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காதமாதிரி இருந்தேன். அவளுடைய செருப்புகள் என் கையில் இருந்தன. காது கொடுத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் விழும் சத்தம் வந்தது, மெல்லிய, நிதானமான சத்தம். என் மனைவியும் வந்து பக்கத்தில் நின்று கேட்டாள். கீழே விழுவதற்குத்தான் சத்தம் உண்டு. மேலே போவதற்குக் கிடையாது.